சாக மாட்டாத வக்கீல்

"இன்னைக்கு உன்னைத் தீர்த்துக்கட்டாம இந்த இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றார் வக்கீல். அவர் அவளுடைய அக்கா புருஷன். அவர் வீட்டில்தான் அவளும் இருக்கிறாள்.

அவள் பகடையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மூன்று பேர். டாக்டர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டுவார்கள். இந்த நகரத்தில் மனிதர்களோடு மனிதர்களாக ஒளிந்து வாழும் ரத்தக்காட்டேரிகளின் கதை. பாத்திரம் செத்தால் ஆடுபவருக்கும் இடம் கிடையாது.

மூன்று வருஷமாக இன்றைய காலத்தில் நடந்த கதையைப் போன வாரம் டாக்டர் நூறு வருஷம் பின்னால் தள்ளினார். அதே தெருக்கள், மின்சாரம் மட்டும் இல்லை. அவளையும் அப்போதுதான் சேர்த்துக்கொண்டார். அன்று பிடித்தது வக்கீலுக்கு வயிற்றெரிச்சல்.

"பகலெல்லாம் லேப்ல ரத்தம் எடுக்குற. ஞாயித்துக்கிழமையுமா? வீட்டுலதான் உன் மூஞ்சின்னா, இங்கயுமா?"

"சும்மா இருய்யா" என்றார் டாக்டர். "அவ ஆடுறது உருமாறி. நினைச்ச உருவம் எடுக்கும். ஜாக்கிரதையா ஆடு."

"எனக்கென்ன ஜாக்கிரதை? என் ஆள் இந்தக் காலத்துலயும் குத்துக்கல்லாட்டம் இருக்கான். மூணு வருஷமா ஆடிட்டிருக்கேன்ல? அவன் நூறு வருஷம் முன்னாடியே எப்படிச் சாவான்? இவ ஆளைத்தான் இந்தக் காலத்துக் கதையில எங்கயும் காணோம். அப்ப அங்கயே செத்துட்டுதுன்னுதானே அர்த்தம்?"

வாரம் முழுக்க ஊசியும் குழாயுமாக இருப்பவள் வாய் திறந்து பேசுவது இந்த மேஜையில் மட்டும்தான். இதுவும் போனால் அவ்வளவுதான்.

"நான் தெருக்கோடியில தீப்பிடிச்சு எரியுற நாடகக் கொட்டகைக்குள்ள ஓடுறேன்" என்றாள் மெதுவாக.

"நானும் பின்னாடியே வர்றேன்!"

"நெருப்புய்யா" என்றார் டாக்டர். "உன் ஆள் ரத்தக்காட்டேரி, அதுக்கு அதுதான் எமன்."

"எரியட்டும். நான்தான் சாக மாட்டேனே!"

"கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுறேன்" என்றாள் அவள். "காக்காவா மாறி, கூரை ஓட்டை வழியா வெளியே பறந்துடுறேன்."

தீயிலிருந்து தப்பிக்க வக்கீல் அலட்சியமாகப் பகடையை உருட்டினார். ஒன்று விழுந்தது.

"சாம்பல்" என்றார் டாக்டர். "எந்திரிய்யா."

"யோவ், என்ன விளையாடுறியா? அன்னைக்கே நான் செத்துட்டா, இன்னைக்கு ஊருக்குள்ள என் மூஞ்சியோட திரியுறவன் யாரு?"

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் முதல் தடவையாக நிமிர்ந்து வக்கீலின் கண்ணைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா நீங்க ஆடுனது என்னோட ஆளைத்தான், மாமா."