கெட்டுப்போகாத பலகாரம்

"வண்டியில வைக்கக் கெட்டுப்போகாத பலகாரமா வேணும். ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்றார் ஆசைத்தம்பி, அம்பாசிடரைத் துடைத்தபடி.

"முறுக்கு?" என்றாள் மனைவி நாகவல்லி.

"நமுத்துப்போகும்."

"அதிரசம்?"

"எண்ணெய்ச் சிக்கு வாடை வரும்."

"அப்பப் பொருவிளங்காய் உருண்டைதான். ஆறு மாசம் தாங்கும். பல்லுதான் தாங்காது."

"அதையே டின் நிறைய வை."

"வைக்கிறேன். டெல்லிக்கே போயிட்டு வரலாம்."

பட்டு வேட்டி கட்டி, மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வண்டி இரண்டு தெரு தள்ளி, ஒரு கல்யாணப் பந்தல் முன்னால் நின்றது.

தங்கை மகள் கல்யாணம். தன்னைக் கேட்காமல் நாள் குறித்துவிட்டார்கள் என்று கோபம். தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று ஊரறியச் சபதம் போட்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்ததும் வண்டிக்குள் உட்கார்ந்து ஓர் உருண்டையைக் கடித்தார். பல் ஆட்சேபித்தது. பந்தலிலிருந்து நெய் மணம் வந்தது.

சற்று நேரத்தில், பந்தியில் ஆசைத்தம்பியின் இலைக்கு இரண்டாம் முறையாகப் பாயசம் வந்தது. ஊற்றிய நாகவல்லி குனிந்து சொன்னாள்:

"உருண்டை ஆறு மாசம் தாங்கும். ஒங்க கோபம் பாயசம் வர்ற வரைக்கும் தாங்கலையே."