விற்ற விஸ்கி

கதவு தடதடவென்று இடிபட்டது. யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்தில் மீன் உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்த லேசர் எழுந்து போய்த் திறந்தான். பக்கத்து வீட்டு இத்தாலியன் கார்லோ, கையில் கண்ணாடித் தம்ளருடன் நின்றான்.

"என் விஸ்கியைக் குடிக்க வந்தேன், லேசர்!"

லேசர் வாசலை மறித்து நின்றான். பஸ்கா முடியும்வரை பார்லியில் செய்த எதுவும் யூதருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. அதனால் வருடாவருடம் தன் விஸ்கியைக் கார்லோவுக்கு விற்று, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வான். சும்மா ஒரு சம்பிரதாயம்!

"யோவ், விளையாடாதே! வெளியே போ!"

"தடுக்காதீங்க மாப்பிள்ளை," என்றார் யூத மதகுருவான மாமனார். "தடுத்தா விற்பனையே பொய்யாயிடும். பஸ்காவில விஸ்கி வச்சிருந்த பாவம் உங்களுக்குத்தான்."

கார்லோ சாவி போட்டு அலமாரியைத் திறந்தான். மெல்பர்னிலேயே வேறு யாரிடமும் இல்லாத ஸ்காட்ச், தம்ளர் தம்ளராக அவன் தொண்டையில் இறங்கியது.

"இந்தச் சட்டத்தை இவனுக்கு எவன் சொன்னான்? சாவியை எவன் கொடுத்தான்?" லேசர் பல்லைக் கடித்தான்.

மனைவி சிப்போரா நிதானமாக அவனுக்கு சூப் ஊற்றினாள்.

"நான்தான். செத்துப்போன எங்கம்மாவோட பியானோவை எனக்குத் தெரியாம வித்து அந்த பாட்டிலை வாங்கிட்டு, 'வித்தா வித்ததுதான்'னு சொன்னீங்களே!"