சுவருக்கு அந்தப் பக்கம்

பர்மிங்காமின் ஞாயிறு வெயில் ஆம்ப்ளிஃபயர் மேலிருக்கும் தேநீர்க் கோப்பையில் மின்னுகிறது. பழைய ராக் இசைத்தட்டில் உறுமும் கிடார்க் குரலைப் பிடிக்க டெரிக் வாங்கிக் குவித்த, கிடார் ஒலியை மாற்றும் பெடல்கள் காலடியில் இறைந்து கிடக்கின்றன. வந்ததெல்லாம் கொசு ரீங்காரம்தான். "பக்கத்து வீட்டு நார்மன் சுவரைத் தட்டுறாருன்னு சத்தத்தைக் குறைச்சே வச்சா எப்படிப்பா வரும்? அந்தக் காலத்துல முழுசாத் திருகி வச்சுல்ல வாசிச்சாங்க!" என்கிறாள் மனைவி கிளெனிஸ். டெரிக் பெடல்களையெல்லாம் பிடுங்கிப் போட்டு, கிடாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகி, அதன் ஒலிக் குமிழைக் கடைசிவரை திருகி, கிடாரின் ஒரே கம்பியை வளைத்து இழுக்கிறான். ஜன்னல் கண்ணாடி அதிர, கரகரத்துத் தித்திக்கும் அந்தக் குரல் எழுகிறது. கோப்பை நகர்ந்து நகர்ந்து கம்பளத்தில் விழுகிறது. எடுக்க ஆளில்லை, கிளெனிஸ் கைகளைத் தூக்கி ஆடுகிறாள். தொம் தொம்மென்று சுவர் இடிபடுகிறது. டெரிக்கின் விரல் நின்றுவிடுகிறது. "நிறுத்தாதடா மடையா!" என்று அந்தப் பக்கத்திலிருந்து நார்மன் கத்துகிறார். "இத்தனை நாளா நான் தட்டினதே சத்தமா வாசிக்கச் சொல்லித்தான்!"