அம்மா தலையாட்டிய இடம்

“எங்க அம்மா எப்ப சார் தலையாட்டினாங்க?”

கல்யாணப் பெண் இன்னும் உட்காரவில்லை. எடிட்டிங் அறை வாசலில் செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள். அவள் பின்னால் அவளுடைய அம்மா, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

வீடியோக்காரர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். இருபது வருஷமாகக் கல்யாணம் எடுக்கிறவர். படம் கைக்குப் போன பிறகு வருகிற புகார்கள் அவருக்கு அத்துப்படி. மூக்கு பெரிசாத் தெரியுது, சித்தப்பா மூணு இடத்துலதான் வர்றார், எதிர் வீட்டு மாமி எட்டு இடத்துல வர்றாங்க.

“உட்காரும்மா. எந்த இடம்?”

“வரவேற்பு. அவரோட பெரியப்பா மைக் பிடிச்சுப் பேசறாரே, அங்க.”

அந்த இடத்தை எடுத்துப் போட்டார். திரையில் மாப்பிள்ளையின் பெரியப்பா முழங்கினார்: “எங்க வீட்டு மருமக இனிமே வேலைக்குப் போய்க் கஷ்டப்பட வேண்டாம். அடுத்த மாசத்தோட விட்டுட்டு நிம்மதியா இருக்கட்டும்.” கைத்தட்டல். மாப்பிள்ளை சிரிக்கிறான். அடுத்து அம்மாவின் முகம், வெகு அருகில். மெல்லத் தலையாட்டுகிறாள். அதன் மேல் புல்லாங்குழல்.

“நல்லாத்தானே வந்திருக்கு?”

“ரொம்ப நல்லா வந்திருக்கு. அதான் வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டறாங்க. ‘உங்கம்மாவே தலையாட்டிட்டாங்க, நீ என்ன குதிக்கறே’ங்கறாங்க. திங்கக்கிழமை நான் ராஜினாமா எழுதிக் கொடுக்கணுமாம்.”

வீடியோக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார்.

“அன்னிக்கு நடந்தது இதில்லையே சார். பெரியப்பா பேசி முடிச்சதும் அம்மா மேடையேறி வந்து பேசினாங்க. அப்பா, பெரியப்பா, அவர், நான். பக்கத்துல நின்ன எங்க நாலு பேருக்குத்தான் கேட்டுது. இப்ப அதுல மூணு பேருக்குக் கேக்கவே இல்லையாம்.”

வீடியோக்காரருக்கும் கேட்டிருந்தது. மாப்பிள்ளையின் கோட்டில் குத்தியிருந்த சின்ன மைக்கை, உறவுக்காரர்கள் மேடையேறும்போது அணைத்துவிடுவது வழக்கம். அன்றைக்கு மறந்துபோனார்.

“உங்கப்பா போன் பண்ணினார்மா. ‘அவ ஏதோ வேகத்துல பேசிட்டா, சம்பந்தி வீட்டுக்குப் போற படம், அது வேணாம்’னார். எனக்கும் சரின்னு பட்டது. மனஸ்தாபத்தைப் பார்க்கவா கல்யாண வீடியோ?”

“வெட்டினீங்க, சரி. தலையாட்டல் எங்கேருந்து வந்தது?”

அவர் மவுஸை இங்கும் அங்கும் நகர்த்தினார்.

“வெட்டின இடத்துல பள்ளம் விழும்மா. ஒருத்தர் பேசினா, அடுத்து கேக்கற முகம் ஒண்ணு வேணும். கீழே யாரோ அம்மாகிட்ட ‘சாப்ட்டீங்களா’ன்னு கேட்டாங்க. அதுக்குத் தலையாட்டினது. பின்னாடி எல்லாம் மங்கலா இருந்ததால எந்த இடம்னு தெரியலை. அழகா ஒட்டிக்கிச்சு.”

“சாப்ட்டீங்களான்னு கேட்டதுக்கா?” பெண் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. “எங்கம்மா சாப்பிட்டதுக்கு என் வேலை போகணுமா சார்?”

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அம்மா மேடையில பேசின சத்தம் வெச்சிருக்கீங்களா?”

“இருக்கு. எதையும் அழிக்கறதில்லை.”

“போடுங்க. அம்மா கேக்கட்டும்.”

அவர் அம்மாவைப் பார்த்தார். குனிந்த தலை நிமிரவில்லை. அவருக்குப் பெண்ணின் மேல் கோபம் வந்தது.

“இது நல்லால்லம்மா. இந்த வயசுல அவங்களை இழுத்துட்டு வந்து உட்கார வெச்சு, ஏதோ வாய்தவறி வந்ததை அவங்க காதுலயே ஊதணுமா? இன்னிக்கு அவங்க திரும்பிப் போக வேண்டியது உங்கப்பா இருக்கிற வீட்டுக்கு. உனக்கு வேணும்னா தனியாத் தரேன், எடுத்துட்டுப் போ.”

“போடுங்க சார்.”

புல்லாங்குழலை அணைத்தார். ஒட்டிய முகத்தை எடுத்துவிட்டு, வெட்டிய துண்டைத் திரும்ப வைத்தார். ஸ்பீக்கரில் கோட்டின் துணி உரசியது. பிறகு ஒரு மெல்லிய குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

“அவ வேலையை விட மாட்டா. நான் விட்டேன். ஒரு வீட்டுக்கு ஒருத்தி போதும்.”

ஓர் ஆண் குரல், பல்லிடுக்கில்: “கீழே இறங்கு.”

“இறங்கறேன். சொல்லிட்டு இறங்கறேன்.”

அவ்வளவுதான்.

அம்மா இப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே ஒலியின் பச்சைக் கோடுகள். பெரியப்பா பேசிய இடத்தில் அவை மலை மலையாக எழுந்து நின்றன. அவள் பேசிய இடத்தில், எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி ஒன்று.

வீடியோக்காரருக்கு மனசு கேட்கவில்லை. “நீங்க பயப்படாதீங்கம்மா. நீங்க வேணாம்னா இது இந்த ரூமைத் தாண்டாது. நான் பார்த்துக்கறேன்.”

அம்மா எழுந்து வந்து அந்த எறும்புத் தடத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இதானே தம்பி நான் பேசினது? அந்தப் பெரியவர் பேசினது எவ்வளவு உயரமோ, அதே உயரத்துக்கு இதையும் தூக்கி வைங்க.”