ஜப்திக்கு வந்த வேன்

உச்சி வெயிலில் வேன்காரன் தன் வேனையே கடப்பாரையால் அடித்து நொறுக்குகிறான். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓடி ஒரு தையல்காரியின் வலது காலைக் காவு வாங்கிய வேன் அது. நஷ்ட ஈட்டுக்கு அதை ஜப்தி செய்ய அவள் கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அமீனாவோடு வந்து நிற்கிறாள். முன்கண்ணாடி பொலபொலவென்று உதிர்கிறது. "எடுத்துட்டுப் போ, தாராளமா எடுத்துட்டுப் போ" என்று அவன் மூச்சிரைக்கிறான். உள்ளங்கை கிழிந்து கடப்பாரையில் ரத்தம் வழுக்குகிறது. அமீனா பட்டியலில் எழுதியதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே, "பின்னால வாம்மா, கண்ணாடி தெறிக்குது" என்கிறார். அவள் முன்னால்தான் போகிறாள், ஊன்றுகோலுக்கடியில் சில்லுகள் நறநறக்க. அன்று அவளை இடித்து உடைந்த முகப்பு விளக்கை அவன் புதிதாக மாற்றியிருக்கிறான். அது மட்டும் இன்னும் முழுசாகப் பளபளக்கிறது. ஒற்றைக் காலில் நின்று ஊன்றுகோலை ஓங்குகிறாள். "தள்ளிக்கோ. இது என் பங்கு."