சர்க்கரையைச் சீந்தாத தட்டு

கூழ் நிரப்பிய கண்ணாடித் தட்டின் நடுவில் பாக்டீரியாவை விட்டு, ஓரத்தில் ஒரு சொட்டுச் சர்க்கரை நீர் வைப்பது ஆய்வகத்தில் அவள் வேலை. அவை மோப்பம் பிடித்துச் சர்க்கரைப் பக்கம் நகரும். அந்தத் தூரத்தை அளந்து எழுத வேண்டும்.

அன்று அவை சர்க்கரையைச் சீந்தவே இல்லை. அவள் உட்கார்ந்திருந்த பக்கம் வந்து வெள்ளையாகக் குவிந்திருந்தன. தட்டைத் திருப்பி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து, வேலையெல்லாம் முடித்துப் பார்த்தபோது அவையும் மறுபடி அவள் பக்கமே திரும்பி வந்திருந்தன.

"சர்க்கரைன்னு உப்பை வச்சிட்டியா?" என்றாள் பக்கத்து மேசை அக்கா.

"நக்கியே பார்த்துட்டேன்க்கா. சர்க்கரைதான்."

"கர்மம். அப்போ உன்கிட்டதான் ஏதோ இனிப்பு இருக்கு."

தட்டு அவள் வயிற்றுக்கு நேராக இருந்தது. ஆறு வருஷமாக ஏமாற்றிய வயிறு. நாள் தள்ளிப்போனதை இந்த முறை புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. கர்ப்பப் பரிசோதனை அட்டை நாலு நாளாகக் கைப்பையில் பிரிக்காமலே கிடந்தது. எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள்.

இரண்டாவது கோடும் அழுத்தமாக விழுந்திருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அக்கா தட்டின் மேல் குனிந்திருந்தாள். "இங்க வந்து பாரு. குவியல் ரெண்டாப் பிரிஞ்சிருக்கு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு வெள்ளைப் புள்ளிகளும் சத்தம் வந்த பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தன.