ஓரிடம் காலி

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கரும்பலகைமேல் சாய்த்துவைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்கு ஃபகருன்னிசா டீச்சர், சுற்றுவட்டாரக் கம்பெனிகளின் காலியிடப் பட்டியலை வாசித்தபடியே எழுதிப்போடுகிறாள். "குருபரப்பள்ளி கம்பெனி. பிரஸ் ஆபரேட்டர், ஓரிடம்." பக்கத்தில் போன் நம்பரையும் எழுதி முடித்ததும் சாக்பீஸ் அப்படியே நின்றுவிடுகிறது. மூன்று வருடத்துக்கு முன் இதே பலகையில் இதே வரியை எழுதி, "வீட்டுக்குப் பக்கம்டா, போய்ச் சேந்துக்கோ" என்று விமல்ராஜை அனுப்பியவள் அவள்தான். போன மாதம் தகடு அழுத்தும் அந்த பிரஸ் மெஷினில் சிக்கித்தான் அவன் செத்தான். கடைசி பெஞ்சிலிருந்து அவன் தங்கை கவிப்ரியா எழுந்து நிற்கிறாள். "அது எங்கண்ணன் எடம் டீச்சர்." குரலில் அழுகை இல்லை. வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. டீச்சரின் கை மேசைமேல் டஸ்டரைத் துழாவுகிறது. "அழிச்சிடாதீங்க டீச்சர்" என்கிறாள் கவிப்ரியா, பேனா மூடியைக் கழற்றியபடி. "நான் இன்னும் போன் நம்பர் எழுதிக்கல."